என் சகலை துக்கம் காக்கும் லட்சணம்

தாழ்ப்பாளைக் கண்டால் அவருடைய கை சும்மா இருக்காது. அன்று காலை பேப்பர் படிக்க மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்தவர், வரும் வழியில் குளியலறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டு, இழுத்துப் பார்த்து, திருப்தியடைந்து, அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே எங்கள் மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவர்தான் மாமியார், அவருக்கும் அவர்தான். அந்த அம்மாள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, "சின்ன மாப்பிள்ளை வந்திருக்காரா? நான் கடிக்க மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று உள்ளிருந்தே கத்தினார். நான் போய்த் திறந்துவிட்டேன். என் சகலை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மிருகக்காட்சிசாலையில் ஒராங்குட்டானைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் அவர். என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அதே வேலைதான். கீழ்த்தளத்தில் அவர்கள், மேல்தளத்தில் நாங்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன். பொறுமைக்குப் பேர்போனவன் அல்ல. அப்படிப்பட்ட நான் இந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறேன் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கேட்டீங்களா சகலை? இத்தனை நாள் கழிச்சு ஞாயிறு மலர்ல ஒரு கட்டுரை" என்றார் பேப்பரைத் தட்டி. "'சாந்தமே உருவான மகாராணி நம்மை விட்டுப் பிரிந்தாள்.' சாந்தமாம்! எழுதினவன் ஒரு நாளாவது கூண்டுப் பக்கம் வந்திருப்பானா? வந்திருந்தா மூக்குக் கண்ணாடியோட வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்."

மகாராணி என்பது செத்துப்போன ஒராங்குட்டானுக்கு நிர்வாகம் வைத்த பெயர். அறிவிப்புப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சகலை அதைக் கூப்பிட்டதெல்லாம் 'கழுதை' என்றுதான். ஒரு குரங்கை எதற்குக் கழுதை என்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "குரங்குன்னு கூப்பிட்டா அவளுக்குக் கோவம் வந்துடும்" என்றார்.

அவருடைய சட்டை எதிலும் ஒரே மாதிரிப் பொத்தான்கள் கிடையாது. இவர் வேறெங்கோ பார்க்கும் நேரத்தில் கம்பி வழியாக ஒரு கை நீளும். பட்டென்று ஒரு பொத்தான் பிய்ந்து அதன் வாய்க்குள் போய்விடும். கெஞ்சினாலும் திட்டினாலும் வராது. அவித்த முட்டையைக் காட்டினால் துப்பும். என் மைத்துனி ஆரம்பத்தில் கடை கடையாக ஏறி இறங்கி அதே நிறத்தில் பொத்தான் தேடித் தைத்தாள். பிறகு கையில் கிடைத்ததைத் தைத்தாள். கடைசியில் ஊக்கு குத்தி அனுப்பினாள். "பிடுங்கினா குத்தும்ல, அப்பவாவது என் சக்களத்திக்குப் புத்தி வரட்டும்" என்றாள். மறுநாள் சகலை வெலவெலத்துப்போய் வந்தார். அது ஊக்கைக் கழற்றி நிதானமாகப் பல் குத்திக்கொண்டிருந்ததாம். அதைத் திரும்ப வாங்குவதற்குள் அன்றைய முட்டை எல்லாம் காலி. அதற்கப்புறம் ஊக்கும் இல்லை, பொத்தானும் இல்லை. பாதிச் சட்டை திறந்தபடிதான் வேலைக்குப் போவார்.

வருகிறவர்கள் நல்ல துணி உடுத்தியிருந்தால் வாய் நிறையத் தண்ணீரை அடக்கி வைத்திருந்து, அருகே வரும்வரை காத்திருந்து துப்பும். ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்து முழுக்க நனைந்து போன கதையை இவர் எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கு வாத்தியாரான எனக்கே தெரியாது.

இதெல்லாம் போகட்டும். எங்களை உண்மையில் வாட்டியது அதன் கோபம். இவர் ஒரு நாள் வராவிட்டால் அதற்குப் பொறுக்காது. கோணிச் சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டிப் படுத்துவிடும். வேறு யார் கொடுத்தாலும் சாப்பிடாது. மறுநாள் இவர் போய்ச் சமாதானப்படுத்த வேண்டும். கெஞ்சியெல்லாம் அல்ல. "கெஞ்சினா தலையில ஏறி உக்காந்துக்குவா" என்பார். கம்பிக்கு வெளியே தரையில் இவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பதிலுக்குக் கோபித்துக்கொள்வார். அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் இவர். யாரும் யாரோடும் பேசுவதில்லை. கொஞ்ச நேரம் போனபின் கம்பி வழியாக ஒரு நீளக் கை வந்து இவருடைய காலரைப் பிடித்து இழுக்கும். அத்தோடு சண்டை தீர்ந்தது, சாப்பாடு ஆரம்பம். வளர்ந்த மனிதர் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையா இது என்று நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கோபத்துக்குப் பயந்து இவர் லீவே எடுத்ததில்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கடைசி வரிசையில் வந்து நின்று, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடிவிடுவார். ஆனால் என் மகளின் கல்யாணத்துக்கு மட்டும் யாரும் கேட்காமலே இரண்டு நாள் லீவு போட்டார். அவள் இரண்டு வீட்டிலும் வளர்ந்த பெண். மாடியில் என்னிடம் திட்டு வாங்கிவிட்டுக் கீழே போய்ச் சித்தப்பாவிடம் சாப்பிடுவாள். கல்யாணத்தில் புதுச் சட்டையும் புதுப் பொத்தானுமாக அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, பெண்ணைப் பெற்றவன் நானா அவரா என்று சம்பந்தி வீட்டாருக்கே குழப்பம். சமையல்காரரைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டியதைத் தவிர அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

கல்யாணம் முடிந்து இவர் வேலைக்குத் திரும்பிய அன்று மாலை மகாராணி இறந்துபோனது.

அழுவார் என்று எதிர்பார்த்தோம். என் மனைவி கீழே போய்த் தங்கைக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்ல வேண்டிய ஆறுதலைக்கூட யோசித்து வைத்திருந்தேன். மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால்தானே? வந்ததும் வராததுமாக, செருப்பு தாறுமாறாகக் கிடக்கிறது என்று சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து பேப்பர்காரர்கள், பார்வையாளர்கள், நிர்வாகம், நான் என்று ஒருவரையும் விடவில்லை.

ஒருநாள் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போக, மைத்துனி கெஞ்சியதால் நான் கொண்டுபோனேன். காலிக் கூண்டின் முன்னால் கம்பித் தடுப்பு நெடுக ஜனங்கள் பூவும் பொம்மையும் வைத்திருந்தார்கள். குழந்தைகள் கிரேயானில் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. ஒரு அம்மாள் கரடி பொம்மை ஒன்றை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மவர் பக்கத்தில் போய் நின்றார்.

"யாருக்கும்மா இது?"

"மகாராணிக்குத்தாங்க. பாவம், அவளுக்கு ஒரு துணை வேணும்ல."

"இதை அவ கையில குடுத்திருந்தா கண்ணு ரெண்டையும் நோண்டி எடுத்து உங்க மேலயே வீசியிருப்பா. துணையாம் துணை. பக்கத்துக் கூண்டுல ஜோடிக்குன்னு ஒருத்தனை விட்டப்ப அவன் விரலைக் கடிச்சவ அவ."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சகலையோடு வந்தவன் இல்லை என்பது போல மான் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்து ரோஜாக் கொத்தோடு வந்த ஒருவரிடம், "முள்ளை எடுத்தீங்களா? எடுக்கலைன்னா நல்லது. அவ முள்ளோடதான் தின்பா" என்றார். செத்துப்போனது எப்படித் தின்னும் என்று அந்த மனிதரும் கேட்கவில்லை. இவர் நின்ற நிற்பைப் பார்த்தால் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

நிர்வாகம் இரங்கல் கூட்டம் ஒன்று நடத்தியது. காப்பாளர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "அவ யாருக்கும் அடங்கினவ இல்ல. யாரையும் மதிச்சவளும் இல்ல. நீங்க எல்லாம் வேற யாரையோ நெனச்சு அழறீங்க" என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டார். முன்வரிசையில் இருந்த என் மைத்துனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

அங்குள்ள கால்நடை டாக்டர் சாதுவான மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டு வருத்தப்பட்டார். "வயசான உடம்பு சார். இதயம் நின்னு போச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் பெரிசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அவர்கிட்ட இதைத்தான் சொன்னேன். 'பெரிசா செய்யறதை நான் கேக்கல, சின்னதா என்ன செஞ்சிருப்பீங்க, அதைச் சொல்லுங்க'ன்னு சண்டைக்கு வர்றாரு. நான் என்ன சார் பதில் சொல்றது?" சகலைக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவருக்காக மன்னிப்புக் கேட்பது என் இரண்டாவது உத்தியோகமாகவே ஆகிவிட்டது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். என் மகள் விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். செய்தி கேள்விப்பட்டதும் புகுந்த வீட்டிலிருந்து பதறிப்போய் ஃபோன் செய்தாள்; "தூங்கறேன்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விழித்தபடி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையோடு முதல் தடவை விருந்துக்கு வந்தாள். இவர் அன்று விடியுமுன் வேலைக்குப் போய், அவர்கள் கிளம்பியபின் வீடு திரும்பினார். இன்னொரு நாள் அவள் வந்திருந்தபோது மாடிப்படி வரை வந்துவிட்டு, கீழே அவளுடைய செருப்பைப் பார்த்து அப்படியே திரும்பிப் போய்விட்டார். அதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

எனக்கு விஷயம் சுலபமாகப் புரிந்துவிட்டது. இவர் கல்யாணத்துக்கு வந்த நேரத்தில் அங்கே குரங்குக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கிறது. ஆகவே கல்யாணத்தின் மேல் பழி, கல்யாணப் பெண்ணின் மேல் பழி. மாடிப்படியின் மேல் நின்று கீழே பார்த்துக் கத்தினேன். "ஒரு குரங்கு செத்ததுக்கு என் பொண்ணு என்னய்யா பண்ணுவா? அவ கல்யாணத்தைத் தள்ளி வெச்சிருக்கணுமா?" கீழேயிருந்து ஒரு பதிலும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திருப்பித் திட்டாத சகலையை நான் அதுவரை பார்த்ததில்லை.

மாமியாரைத் தாழிட்டுவிட்டு அவர் பேப்பர் படித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் என் மகள் தனியாக வந்தாள். உட்காரக்கூட இல்லை. "அப்பா, சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க. எங்கே ஓடறாருன்னு பாக்கறேன்" என்றாள். கோபத்தில் அவள் என்னைக் கொண்டவள். டிக்கெட் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனோம்.

கூண்டுகளுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்கள் ஓடும் ஒடுக்கமான நடைபாதையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். எழுந்து எங்கே போவது? அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் நாங்கள்.

"உக்காருங்க சித்தப்பா" என்றாள். அவர் உட்கார்ந்தார். அவளும் எதிரே ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் கல்யாணத்தாலதான் அவ செத்துப்போனான்னு நெனைக்கிறீங்களா?"

அவர் முகம் வெளிறிப்போயிற்று. "யாரு சொன்னது அப்படி?" என்று அவளைக் கேட்டவர், உடனே என்னைப் பார்த்தார். "உங்கப்பாதானே? இவருக்குக் கூட்டலும் கழித்தலும் தவிர என்ன தெரியும்?"

"அப்ப ஏன் எங்கிட்ட பேசல?"

சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மகள் கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

"லீவு முடிஞ்சு வந்தேனா, சாக்கைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தா" என்றார். "முதுகைக் காட்டிக்கிட்டு. எப்பவும் அப்படித்தானே. சரி, கோவம்னு நானும் உக்காந்தேன், முதுகைக் காட்டிக்கிட்டு. உக்காந்தேன் உக்காந்தேன், கை வரல. எனக்கும் வந்துச்சு பாரு கோவம். ரெண்டு நாள் லீவுக்கு இவ்வளவு ராங்கியா, என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் போகக் கூடாதாடின்னு கேட்டேன். நீயாச்சு உன் சாக்காச்சுன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். வேணும்னே அந்தப் பக்கம் போகல. சாயங்காலம் வரைக்கும் எட்டிப் பாக்கல. தானா வரட்டும்னு இருந்தேன்."

குழாயிலிருந்து எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ கோவிச்சுக்கவே இல்லம்மா. அவளால எழுந்திருக்க முடியல. அவ்வளவுதான் விஷயம். சாக்கை நான் அப்பவே தூக்கிப் பாத்திருக்கணும். எனக்கு அவளைத் தெரியும், உங்களுக்கெல்லாம் தெரியாதுன்னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சண்டை போடறேனே, எனக்கு என்ன தெரிஞ்சுது?"

"டாக்டர் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னுதானே சித்தப்பா சொன்னாரு."

"பக்கத்துல உக்காந்திருக்கலாம்ல? அதுக்கு டாக்டர் எதுக்கு?"

பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவராகவே தொடர்ந்தார். "உன்னைப் பாத்தா கேப்பியே, கல்யாணம் எப்படி இருந்துச்சு சித்தப்பான்னு. நீ கேக்காம இருப்பியா? நல்லா இருந்துச்சும்மா. அவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் அந்த மாதிரி சிரிச்சதே இல்ல. அதை எந்த வாயால உங்கிட்ட சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதர் இதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால், நான் மாடிப்படியில் நின்று அப்படிக் கத்தியிருப்பேனா? அவருடைய துக்கத்தில்கூட என்னை வாய்கொழுத்தவன் ஆக்கிவிட்டார். இப்போதும் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான். ஆனால் அன்று அதைக் காட்ட முடியாமல், சுவரோரம் சுருட்டிக் கிடந்த ரப்பர் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். "கல்யாண ஃபோட்டோ எல்லாம் வந்து எத்தனையோ நாளாச்சு. நீங்க ஒண்ணுகூடப் பாக்கல. பாருங்க" என்றாள். உத்தரவு போடுவது போல இருந்தது. அவர் கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கினார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு வீட்டாரும் வரிசையாக நிற்கும் படம். பெண்ணுக்குப் பக்கத்தில் என் சகலை நின்றார். தலை பின்னால் சாய, வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தில் சிரிக்கும் தன் முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். "உங்கம்மாவுக்கு இந்த நிறம் எடுப்பா இருக்கு" என்றார். "மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்னிருக்கலாம். உங்கப்பா எதுக்கு இதுலயும் முறைக்கிறாரு?" விரல் பட்டுப் படம் கொஞ்சம் நகர்ந்தது; நகர்ந்த இடத்துக்கு விரலும் போனது. அவள் எட்டி அடுத்த படத்தைத் தள்ளினாள். அதில் அவர் ஓர் ஓரத்தில், சின்னதாக, யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். தேடிக் கண்டுபிடித்து, அங்கேயும் கட்டைவிரலை வைத்தார்.